முத்திரை விழுந்த தபால்தலை

ஜெர்மனியின் பழைய தபால்தலை ஒன்று. 5 பென்னிக் என்று அச்சானது. நூறு பென்னிக் சேர்ந்தது ஒரு மார்க். அதில் இருபதில் ஒரு பங்குதான் இதன் விலை. ஆனால் அந்த 5-இன் மேலேயே '800 ஆயிரம்' என்று தடித்த மேலச்சு ஒன்று விழுந்திருக்கிறது. எட்டு லட்சம் மார்க். பழைய எண் இன்னும் அடியில் தெரிகிறது. தாள் ஒன்றுதான், அது சொல்லும் தொகை மட்டும் 1 கோடியே 60 லட்சம் மடங்கு ஏறிவிட்டது. 1923 அக்டோபரில் புழங்கிய தலை இது. அந்த மாதம் 1ஆம் தேதி உள்நாட்டுக் கடிதத்துக்குக் கட்டணம் 20 லட்சம் மார்க். 10ஆம் தேதி 50 லட்சம். எட்டு லட்சம் என்ற மேலச்சின் மை காய்வதற்குள் அது ஒரு கடிதத்துக்குக் காணாத தொகையாகிவிட்டது.

தபால்தலை சேர்ப்பவர்களின் ஆல்பங்களில் இந்த வகைத் தலைகள் இல்லாதது அரிது. ஆயிரம், லட்சம், கோடி என்று எண்கள் ஏறிக்கொண்டே போகும் அந்த ஜெர்மன் பக்கத்தைப் பார்த்துப் புதையல் கிடைத்துவிட்டதாக மகிழ்ந்த சிறுவர்கள் எத்தனையோ பேர். பிறகு விலைப் பட்டியலைப் புரட்டும்போதுதான் தெரியும், அவற்றில் பெரும்பாலானவை அற்ப விலைக்கே கிடைக்கும் என்பது. அந்தப் பட்டியலில் இன்னொன்றும் தெரியும். பசை கலையாமல் அச்சகத்திலிருந்து வந்தபடியே இருக்கும் தலைக்கு விலை குறைவு. கடித உறையில் ஒட்டி, தபால் நிலையத்து முத்திரை விழுந்து, ஓரம் கசங்கி வந்த அதே தலைக்குப் பல மடங்கு விலை. மற்ற நாடுகளின் பழைய தலைகளில் பொதுவாக இதற்கு நேர்மாறாகத்தான் இருக்கும்.

சந்தைக் காரணம் எளிது. இந்தத் தலைகள் கோடிக்கணக்கில் அச்சாயின. சில நாட்களே பயன்பட்டன. மிச்சம் கட்டுக்கட்டாகத் தங்கிவிட்டது. அந்தச் சில நாட்களுக்குள் உண்மையாகவே ஒரு கடிதத்தைச் சுமந்து போனவை கொஞ்சம். கொஞ்சமாக இருப்பதற்கு விலை அதிகம். ஆனால் இந்தக் கணக்குக்கு அடியில் மிகப் பழைய தத்துவக் கேள்வி ஒன்று கிடக்கிறது. ஒரு தாளில் எழுதிய எண்ணுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? எழுதியவரின் அதிகாரத்திலிருந்தா, வாங்கிக்கொண்டவரின் நம்பிக்கையிலிருந்தா, சொன்னதைச் செய்து முடித்த செயலிலிருந்தா? 1923இல் ஜெர்மனியில் இந்தக் கேள்வி ரொட்டிக் கடை வாசலிலும், தேவாலயக் கணக்குப் புத்தகத்திலும், நாட்டின் உச்ச நீதிமன்றத்திலும் ஒரே சமயத்தில் எழுந்தது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் உலகப் போர் தொடங்கிய 1914 ஆகஸ்டிலேயே, நோட்டுக்குப் பதில் தங்கம் தரும் ஏற்பாட்டை ஜெர்மன் அரசு நிறுத்தியது. வரி போடாமல் கடன் வாங்கிப் போர் நடத்தியது. தோற்ற பிறகு நஷ்டஈட்டுச் சுமையும் வந்து சேர்ந்தது. 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் தொழிற்பகுதிக்குள் நுழைந்தபோது, அங்கே வேலையை நிறுத்தி எதிர்ப்புக் காட்டிய தொழிலாளர்களுக்கு அரசு நோட்டடித்துக் கூலி கொடுத்தது. போருக்கு முன் ஒரு டாலருக்கு 4.2 மார்க். 1923 நவம்பர் 20ஆம் தேதி 4.2 லட்சம் கோடி மார்க்.

இந்த வீழ்ச்சியைத் தேதிவாரியாகக் காட்டும் ஆவணம் தபால் கட்டணம்தான். போருக்கு முன் உள்நாட்டுக் கடிதத்துக்கு 10 பென்னிக். 1922 ஜனவரியில் 2 மார்க், 1923 ஜனவரி நடுவில் 50, ஜூலையில் 300, ஆகஸ்ட் முதல் தேதி 1,000. அதே ஆகஸ்ட் 24இல் 20,000. செப்டம்பர் முதல் தேதி 75,000. செப்டம்பர் 20இல் இரண்டரை லட்சம். அக்டோபர் 20இல் ஒரு கோடி. நவம்பர் முதல் தேதி 10 கோடி, 5ஆம் தேதி 100 கோடி, 12ஆம் தேதி 1,000 கோடி, 20ஆம் தேதி 2,000 கோடி, 26ஆம் தேதி 8,000 கோடி. புதிய தலையை வரைந்து அச்சிட எங்கே நேரம்? பழைய தலைகளின் மேல் எண்ணை அடித்தார்கள். பெர்லினின் அரசு அச்சகம் போதாமல் வெளி அச்சகங்களுக்கும் வேலை போனது. ஓரத்தில் வட்டத் துளை போட நேரமில்லாமல் வெறும் கீறலோடு வந்த தாள்களும் உண்டு. தலையே தீர்ந்துவிட்ட இடங்களில் குமாஸ்தா ரொக்கத்தை வாங்கிக்கொண்டு, கட்டணம் பெறப்பட்டது என்று உறையில் எழுதினார் அல்லது ரப்பர் முத்திரை அடித்தார்.

கடைசியில் வடிவமைப்பாளர்களே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். பின்னலான வட்டக் கோலம் ஒன்று, நடுவில் எண்ணுக்கு இடம். உருவப்படம் கிடையாது, காட்சி கிடையாது. கூடை மூடி போல இருப்பதால் சேகரிப்பாளர்கள் அதை அந்தப் பெயராலேயே அழைக்கிறார்கள். 5 லட்சத்தில் தொடங்கி 5,000 கோடி வரை அதே கோலம்; நடுவில் எண் மட்டும் மாறியது. அதையும் நிலைமை முந்திவிட, கோலத்தின் மேலும் மேலச்சு விழுந்தது. 2 கோடி என்றிருந்த தலை 1,000 கோடி ஆனது.

இதற்குச் சில மாதங்கள் முன்பு வெளிவந்த இரண்டு தலைகளை இந்தக் கோலத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 5,000 மார்க் தலையில் வார்ட்பர்க் கோட்டை. 1521இல் மார்ட்டின் லூதர் ஒளிந்திருந்து புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்த இடம் அது. 10,000 மார்க் தலையில் கொலோன் பேராலயம். சீர்திருத்தச் சபையாருக்கு ஒன்று, கத்தோலிக்கருக்கு ஒன்று என்று சொல்லும்படி, நாட்டின் பெரிய இரண்டு சின்னங்களைத் தபால் துறை தன் பெரிய இரண்டு எண்களுக்குக் கொடுத்தது. ஆகஸ்ட் 24ஆம் தேதி ஒரு சாதாரணக் கடிதத்துக்கு இரண்டு பேராலயங்கள் ஒட்ட வேண்டியிருந்தது. ஒரு வாரம் கழித்து, ஏழரை.

பணத்தில் தெய்வத்தின் சாயல் இருக்கிறது என்பதைச் சிந்தனையாளர்கள் இதற்கு முன்பே கவனித்திருந்தார்கள். கெயோர்க் சிம்மல் 1900இல் வெளியிட்ட 'பணத்தின் தத்துவம்' என்ற நூலில், பணத்தின் மேல் வைக்கும் நம்பிக்கையில் வெறும் அனுபவக் கணிப்பைத் தாண்டிய ஒன்று இருக்கிறது, அது மதநம்பிக்கைக்கு நெருங்கிய உறவு என்று காட்டினார். நேற்று விளைந்தது, இன்றும் விளையும் என்று விதைக்கும் உழவரின் எதிர்பார்ப்பு ஒருவகை. ஒருவரை நம்புகிறேன் என்று காரணம் கேட்காமல் தன்னை ஒப்படைப்பது வேறு வகை. பணத்தில் இரண்டும் கலந்திருக்கின்றன என்பது அவர் பார்வை. 1918இல் இறந்த சிம்மல், அந்த ஒப்படைப்பு எப்படி உடையும் என்பதைப் பார்க்கவில்லை. 1921இல் வால்டர் பெஞ்சமின் எழுதி முடிக்காமல் விட்ட குறிப்பு ஒன்றில் முதலாளித்துவத்தையே ஒரு மதமாகப் பார்க்கிறார். மதங்களின் புனிதர் படங்களையும் நாடுகளின் நோட்டுப் படங்களையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும் என்று யோசிக்கிறார். வார்ட்பர்க்கும் கொலோனும் அச்சான தலைகள் இரண்டு ஆண்டில் அந்த யோசனைக்கு நேரடிச் சான்றாகவே வந்துவிட்டன.

அரசுக்கு இந்த எண்ணை மாற்றும் உரிமை உண்டா? அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலில் பணம் இயற்கையால் வந்ததல்ல, ஒப்பந்தத்தால் வந்தது, அதை மாற்றவோ பயனற்றதாக்கவோ மனிதர்களால் முடியும் என்றார். முடியும் என்பது வேறு, செய்யலாம் என்பது வேறு. 14ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறிஞரும் பின்னாளில் லிசியூ நகரின் பிஷப்புமான நிக்கோல் ஓரேம் இந்த இடத்தில் உறுதியாக நின்றார். நாணயத்தில் அரசனின் முகம் இருக்கலாம். ஆனால் அது சமூகத்தின் சொத்து. அதன் தரத்தைக் குறைத்து ஆதாயம் பார்ப்பது வட்டி வாங்குவதை விடக் கொடிது என்றார் அவர். வட்டிக்குக் கொடுப்பவனிடம் வாங்குபவன் சம்மதித்துத்தான் வாங்குகிறான். நாணயத்தின் தரத்தைக் குறைக்கும் அரசனோ யாரையும் கேட்காமலே அவர்கள் மடியிலிருப்பதை எடுத்துக்கொள்கிறான். இந்த விஷயத்தை ஓரேமை விடத் தெளிவாகச் சொன்னவர்கள் அதிகமில்லை.

யாருடைய மடியில் எடுத்தது என்று பார்த்தால்தான் விஷயத்தின் கனம் புரியும். போர்ச் செலவுக்காக ஜெர்மன் அரசு ஒன்பது முறை மக்களிடம் கடன் பத்திரம் விற்றது. நாட்டுப்பற்றும் பத்திரமும் ஒன்று என்று பிரசாரம் நடந்தது. பிரசங்க மேடைகளிலிருந்தும் பத்திரம் வாங்கச் சொன்னார்கள். திருச்சபைகளின் நிதியும் அதில் போனது. அனாதைக் குழந்தைகளின் பணத்தை அரசுப் பத்திரம், அடமானக் கடன் போன்ற பத்திரமான இடங்களில்தான் போட வேண்டும் என்று சட்டமே காப்பாளர்களைக் கட்டியிருந்தது. மிக யோக்கியமாக, மிக எச்சரிக்கையாக நடந்துகொண்டவர்களே முழுதாக அழிந்தார்கள். அடமானத்தில் வீடு வாங்கியவர், கடன் வாங்கித் தொழிற்சாலை கட்டியவர், இவர்கள் கடனைக் காகிதத்தால் கழித்துவிட்டுச் சொத்தோடு நின்றார்கள்.

எல்லாரிலும் பெரிய கடனாளி அரசுதான். அதன் போர்க்கடன் சுமார் 15,400 கோடி மார்க். 1923 நவம்பரில் வந்த ரென்டன்மார்க் என்ற புதிய பணம் ஒன்றுக்கு, ஒரு லட்சம் கோடி பழைய மார்க் சமம் என்று வைத்தார்கள். அந்தக் கணக்கில் மொத்தப் போர்க்கடனும் 15.4 பென்னிக். டிசம்பர் முதல் தேதி புதிய கட்டணத்தில் ஒரு கடிதத்துக்கு 10 பென்னிக், அஞ்சலட்டைக்கு 5. நான்கு ஆண்டுப் போருக்காக ஒரு நாடே கொடுத்த சேமிப்பைத் திருப்பி வாங்கினால் ஒரு கடிதமும் ஓர் அட்டையும் அனுப்பலாம்.

பைபிளில் வரும் யோபுவின் கேள்வி இதுதான். நேர்மையாக நடந்தவனுக்கு ஏன் இந்தக் கதி? சிக்கனத்தைக் கடவுள் கொடுத்த கடமையாகவே கருதிய சமூகம் அது. சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் 1904, 1905 ஆண்டுகளில் எழுதிய புகழ்பெற்ற ஆய்வின் பொருளே அந்த மனப்பான்மைதான்: உழைப்பதும் செலவழிக்காமல் சேர்ப்பதும் ஆன்மிக ஒழுக்கமாக ஆன கதை. சுவிசேஷத்தில் ஓர் உவமை உண்டு. எஜமான் கொடுத்த பணத்தை மண்ணில் புதைத்து வைத்த ஊழியன் கண்டிக்கப்படுகிறான். வட்டிக்காரரிடமாவது போட்டிருக்கலாமே என்று கேட்கப்படுகிறான். 1923இல் பொற்காசை மண்ணில் புதைத்தவன் பிழைத்தான். வங்கியில் போட்டவன் பட்டினி கிடந்தான். ஞாயிறுதோறும் அந்த உவமையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் பணநஷ்டத்தை விடப் பெரிய நஷ்டம் ஒன்று நேர்ந்தது. நன்மைக்கும் பலனுக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோனது.

இம்மானுவேல் காண்ட் 1785இல் எழுதிய அறவியல் நூலில் வரும் உதாரணம் இங்கே கட்டாயம் நினைவுக்கு வருகிறது. ஒருவனுக்குப் பணம் வேண்டும். திருப்பித் தர முடியாது என்று தெரிந்தே, தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துக் கடன் வாங்குகிறான். இதை எல்லாரும் செய்யலாம் என்று ஒரு பொதுவிதி ஆக்கினால் என்ன ஆகும்? வாக்கு என்பதே இல்லாமல் போகும். யார் சொல்வதையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஏமாற்றுவதற்குக் கூட வழியிருக்காது. காண்ட் இதைச் சிந்தனையில் நடத்திப் பார்த்தார். அவருடைய நாட்டில் 138 ஆண்டுகள் கழித்து அது தெருவில் நடந்தது. கூலி வாங்கிய கையோடு கடைக்கு ஓடினார்கள், மாலையில் அந்தப் பணத்தை யாரும் நம்ப மாட்டார்கள் என்று தெரிந்ததால். 1926இல் வெளிவந்த புகழ்பெற்ற ஜெர்மானியர் வரிசையில் காண்டின் முகமுள்ள தபால்தலையின் விலை 15 பென்னிக். அந்தப் போர்க்கடன் முழுவதுக்கும் அந்தத் தலையில் ஒன்று வரும்.

ஆனால் காண்டின் உதாரணத்தை அப்படியே பொருத்துவது நியாயமாகாது. அவருடைய கடன்காரன் பொய்யன். ஜெர்மனியின் மத்திய வங்கியான ரைஷ்ஸ்பாங்கின் தலைவர் ரூடால்ஃப் ஹாவன்ஸ்டைன் பொய்யர் அல்லர். நோட்டு அடிப்பதால் விலை ஏறுகிறது என்பதை அவர் மனதார ஏற்கவில்லை; நஷ்டஈடும் அந்நியச் செலாவணியும்தான் காரணம், மக்களுக்கு நோட்டுப் போதவில்லை, அடித்துத் தருவது தன் கடமை என்று நம்பினார். 1923 ஆகஸ்ட் 17இல் பேசும்போது, மொத்தப் புழக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கை ஒரே நாளில் வெளியிடும் திறன் விரைவில் வந்துவிடும் என்று சாதனையாகவே சொன்னார். நவம்பர் 20ஆம் தேதி, மார்க் வீழ்ச்சி நின்ற அதே நாளில், இறந்துபோனார். பொய் சொல்லாமலே வாக்கு உடையலாம். கடமையாகச் செய்தே ஊரைக் கெடுக்கலாம். ஏமாற்றுக்காரன் என்றால் தண்டித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஹாவன்ஸ்டைன் போன்றவரை என்ன செய்வது என்பதற்கு அறவியலிடம் எளிய பதில் கிடையாது.

நீதிமன்றங்களும் இதே சிக்கலில் கிடந்தன. மார்க் என்றால் மார்க் என்பது சட்டத்தின் நிலை. 1913இல் 10,000 மார்க் கடன் வாங்கியவர் 1923இல் 10,000 மார்க் நோட்டைக் கொடுத்தால் கடன் தீர்ந்தது. அந்த நோட்டுக்கு ஒரு துண்டு ரொட்டி கூட வராது என்பது சட்டத்துக்குப் பொருட்டில்லை. எண் காப்பாற்றப்பட்டது, வாக்கு கைவிடப்பட்டது. 1923 நவம்பர் 28ஆம் தேதி லைப்சிக்கில் இருந்த உச்ச நீதிமன்றம் இந்த நிலையை மாற்றியது. கடனாளி நல்லெண்ணத்தோடும் நாணயத்தோடும் கடனைத் தீர்க்க வேண்டும் என்று குடிமைச் சட்டத்தின் 242ஆம் பிரிவு சொல்கிறது. செல்லாத காகிதத்தை நீட்டி அடமானத்தை மீட்டுக்கொள்வது அதற்குப் பொருந்தாது என்றது. நாடாளுமன்றம் இயற்றிய பணச் சட்டத்துக்கு மேலே ஓர் அறநெறியை வைத்த தீர்ப்பு அது. அரசு அதைப் பின்வாங்கச் செய்யப் பார்த்தபோது, 1924 ஜனவரியில் அந்த நீதிபதிகளின் சங்கம் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தது. முடிவில் 1925 ஜூலை 16இன் சட்டம் பாதிவழியில் நின்றது. அடமானக் கடனுக்குப் பழைய மதிப்பில் 25 சதவீதம், சேமிப்புக்குக் குறைந்தது பன்னிரண்டரை. அரசு தன் சொந்தப் பத்திரங்களுக்கு அதே ஆண்டில் தனிச் சட்டம் போட்டு இரண்டரை சதவீதம் என்று வைத்தது. தனியாருக்கு ஒரு நீதி, தனக்கு ஒரு நீதி. இந்த வேறுபாட்டை ஏமாந்த சேமிப்பாளர்கள் மன்னிக்கவேயில்லை. தங்களுக்கென்று கட்சியே தொடங்கி, 1928 தேர்தலில் இரண்டு இடங்கள் பிடித்தார்கள்.

எழுத்தாளர் எலியாஸ் கனெட்டி பணவீக்க ஆண்டுகளில் பிராங்க்பர்ட்டில் பள்ளி மாணவர். 1960இல் வெளிவந்த தன் பெரிய நூலில் அவர் இதற்கு ஓர் இருண்ட முடிவுரை எழுதினார். பணம் மதிப்பிழக்கும்போது அதோடு தன்னை அளந்துகொண்டிருந்த மனிதனும் மதிப்பிழக்கிறான். அந்த அவமானத்தை அவன் மறப்பதில்லை. தன்னை விடக் கீழாக ஒருவரைத் தள்ள வழி தேடுகிறான். யூதர்களைப் படிப்படியாக மதிப்பிழக்கச் செய்து, கடைசியில் லட்சக்கணக்கில் அழிக்கத்தக்க ஒன்றாக ஆக்கிய வழியில், பணவீக்கம் தங்களுக்குச் செய்ததையே ஜெர்மானியர்கள் வேறொரு மக்களுக்குச் செய்தார்கள் என்பது அவர் வாதம். வரலாற்றாசிரியர்கள் எல்லாரும் இந்த ஒற்றைக் கோட்டை ஏற்கமாட்டார்கள். இடையில் ஒரு பொருளாதார மந்தமும் பல அரசியல் முடிவுகளும் இருக்கின்றன. ஆனாலும் அந்த எண்கள் நிறைந்த ஆல்பப் பக்கத்தைப் பார்க்கும்போது கனெட்டியை மறந்துவிட்டுப் பார்ப்பது சரியல்ல.

அப்படியானால் இந்தத் தலைகளைச் சேர்ப்பது என்ன செயல்? பிறர் வீடு எரிந்த சாம்பலைச் சிமிழில் எடுத்து வைப்பது போலாகாதா? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. எண்ணைப் பார்த்து வியப்பதோடு நிற்கும் சேகரிப்புக்கு இதற்குப் பதில் சொல்ல முடியாது என்றே தோன்றுகிறது. முத்திரை விழுந்த தலையைத் தேடுகிறவரிடம்தான் பதில் இருக்கிறது.

நோட்டையும் தபால்தலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். இரண்டும் வாக்குகள்தான். அன்றைய ரைஷ்ஸ்பாங்க் நோட்டில், இதைக் கொண்டுவருபவருக்கு இத்தனை மார்க் தரப்படும் என்று அச்சிட்டிருந்தது. எதைத் தருவார்கள்? இன்னொரு நோட்டை. அந்த வாக்கு தன்னையே சுட்டிச் சுற்றிக்கொண்டிருந்தது. தபால்தலையின் வாக்கு வேறு: இந்தக் கடிதத்தை அந்த ஊரில் அந்த வீட்டில் சேர்ப்போம். அதற்கு எண் தேவையே இல்லை. எண் வெறும் கூலிக் கணக்கு. 1923 நவம்பர் முதல் தேதி டாலர் சுமார் 13,000 கோடி மார்க்குக்குப் போனது. அன்றைய 10 கோடி மார்க் கட்டணத்தைப் பழைய தங்க மார்க்கில் கணக்கிட்டால் ஒரு பென்னிக்கில் மூன்றில் ஒரு பங்கு. போருக்கு முன் 10 பென்னிக்குக்குச் செய்த வேலையை முப்பதில் ஒரு பங்குக்குச் செய்தார்கள். கடிதம் போய்ச் சேர்ந்தது. தன் கூலியே உருகிக்கொண்டிருந்த தபால்காரர் படியேறி அதைக் கொடுத்தார். அந்த ஆண்டில் அரசு கொடுத்த வாக்குகளில் காப்பாற்றப்பட்டது இது.

உறையில் விழுந்த முத்திரை அதற்குச் சாட்சி. ஊர்ப் பெயர், தேதி, பல சமயம் மணியும். 2,000 கோடி என்ற எண்ணை எந்த அச்சகமும் அடிக்கலாம். நவம்பர் 21ஆம் தேதி அந்த எண் ஓர் உறையை ஓர் ஊரிலிருந்து வேறோர் ஊருக்கு நகர்த்தியது என்பதை யாரும் அச்சிட முடியாது, நடந்தால்தான் உண்டு.

இந்தத் துறையின் மோசடி எந்த வடிவம் எடுத்தது என்பதே இதை உறுதிப்படுத்துகிறது. மலிவான தலையைப் போலியாக அச்சிடுவதில் என்ன லாபம்? தலை அசல், முத்திரைதான் போலி. பழைய காலத்து முத்திரைக் கட்டை ஒன்றைப் பிடித்தோ புதிதாகச் செய்தோ, மிஞ்சிய தலைகளில் 1923இன் தேதியைக் குத்திவிடுவார்கள். காகிதம், மை, மேலச்சு எல்லாம் உண்மை. நடந்ததாகச் சொல்லும் செயல் மட்டும் பொய். பத்துக் கட்டளைகளில் பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது ஒன்று. இந்த மோசடி அச்சாக அதுதான். அதனால் ஜெர்மனியில் இந்தக் காலத்துத் தலைகளைச் சோதிக்கவே தனித் தேர்ச்சி பெற்றவர்கள் உருவானார்கள். 'இன்ஃப்லா பெர்லின்' என்ற சேகரிப்பாளர் சங்கத்தின் பரிசோதகர்கள் தலையின் பின்புறம் சிறிய முத்திரை வைத்தால்தான் முத்திரை விழுந்த தலைக்குச் சந்தையில் மரியாதை. அவர்கள் உருப்பெருக்கியின் கீழ் பார்ப்பது சிலவற்றைத்தான்: எழுத்தின் வடிவம், மையின் தன்மை, அந்த ஊரில் அந்தத் தேதியில் அந்தக் கட்டை புழக்கத்தில் இருந்ததா, அந்தத் தலை அதற்குள் அங்கே வந்திருக்க முடியுமா. ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதும் இதுவும் ஒரே வேலை.

பெஞ்சமின் இதை எப்போதோ கண்டுகொண்டார். 1928இல் வந்த அவருடைய 'ஒருவழிப் பாதை' நூலில் ஜெர்மன் பணவீக்கத்தின் வழியே ஒரு பயணமாக எழுதிய பகுதி ஒன்றும், தபால்தலைக் கடை என்ற பகுதி ஒன்றும் இருக்கின்றன. முத்திரை விழுந்த தலைகளை மட்டும் தேடுபவர்கள்தான் இந்தக் கலையின் உள்ரகசியத்தை எட்டியவர்கள் என்று நம்பிவிடத் தோன்றும் என்ற பொருளில் இரண்டாவதில் எழுதுகிறார். இரண்டு பகுதிகளும் ஒரே அட்டைக்குள் வந்தது தற்செயல் என்று நினைக்க முடியவில்லை.

பணவீக்கம் நின்ற விதமும் இதே இடத்துக்கே வருகிறது. ரென்டன்மார்க்குக்குப் பின்னால் தங்கம் இல்லை. நாட்டின் விவசாய நிலமும் தொழில் சொத்துகளும் ஈடு என்றார்கள். ஆனால் நோட்டைக் கொடுத்து யாரும் ஒரு சென்ட் நிலம் வாங்கிவிட முடியாது. பிறகு எப்படி மக்கள் ஏற்றார்கள்? இவ்வளவுக்கு மேல் அடிக்க மாட்டோம் என்று ஓர் உச்சவரம்பு வைத்தார்கள். டிசம்பரிலேயே அரசு கூடுதலாகக் கடன் கேட்டு வந்தது. ரென்டன் வங்கி மறுத்தது. நோன்பு எடுத்தவர் பசி வரும் முதல் நாளில் என்ன செய்கிறார் என்பதில்தான் நோன்பு இருக்கிறது. மறுத்த அந்த நாளுக்குப் பிறகுதான் ஈடாகச் சொன்ன நிலத்துக்கும் பொருள் வந்தது.

நவம்பர் 26ஆம் தேதி கடிதக் கட்டணம் 8,000 கோடியாக ஏறியபோது தபால் துறை மேலச்சு அடிப்பதையே விட்டுவிட்டது. கையிருப்பில் உள்ள தலைகளை அச்சிட்ட விலைக்கு நான்கு மடங்காக விற்போம், ஒட்டினாலும் நான்கு மடங்காகவே கொள்வோம் என்று அறிவித்தது. 2,000 கோடித் தலை ஒன்று 8,000 கோடிக்குச் சமம். தாளில் எந்த மாற்றமும் இல்லை. புது எண் எங்கேயும் எழுதப்படவில்லை. குமாஸ்தாவும் மக்களும் ஒப்புக்கொண்டார்கள், அவ்வளவுதான். இந்த ஏற்பாடு 30ஆம் தேதி வரை ஐந்து நாள் நடந்தது. டிசம்பர் முதல் தேதி அதே கூடை மூடிக் கோலம் நடுவில் 10 என்ற எண்ணோடு வந்தது. மார்க்கா, பென்னிக்கா என்று கூட அதில் அச்சிடவில்லை. அந்த ஐந்து நாள் உறைகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தலையைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது, எல்லாம் தேதியில்தான். முத்திரையில் 26 முதல் 30 வரையிலான நாள் தெளிவாகப் படிக்கக் கிடைத்தால் மட்டுமே பரிசோதகர் கையெழுத்திடுவார்.